ஐடெல்லாவின் இருபத்திரண்டுக்கு ஓர் உறை

வில்லோ ஃபோர்க், மொன்டானா
ஜூன், முதல் வெள்ளி

மதிப்புக்குரிய அத்தான் ஹார்லன் அவர்களுக்கு, மைத்துனன் வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் நாயும் சுகம். அங்கே உங்கள் புது முழங்காலும் மார்வா அக்காவும் சுகமா? அறுவைச் சிகிச்சை நடந்தது முழங்காலுக்கு என்பதால் அதை முதலில் விசாரித்தேன். அக்கா கையில் இந்தக் கடிதம் அகப்பட்டால் வரிசையை மாற்றிப் படித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வருஷம் மழை பரவாயில்லை. புல் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. கூரை ஒழுகுகிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. டாக்டர் உங்களை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தோல் வேலையில் இறங்கிவிட்டதாகவும், முதல் வேலையாக உங்கள் கைத்துப்பாக்கிக்கு ஓர் இடுப்பு உறை செய்யப் போவதாகவும், ஈரத் தோலை அழுத்தி வடிவம் எடுக்க எந்த டம்மித் துப்பாக்கி வாங்கலாம் என்று ஒரு தபால் அட்டையில் எழுதும்படியும் கேட்டிருக்கிறீர்கள். அத்தான், இது தபால் அட்டைக்கு அடங்குகிற விஷயம் இல்லை. ஜில்லாப் பத்திரிகையில் நிருபராக என் காலத்தைக் கழித்தவன் நான். பன்றிக் கண்காட்சியைப் பற்றி நான்கு வரி கேட்டால் நாற்பது வரி கொடுத்துப் பழகிவிட்டேன். டம்மிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டது. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை வெந்நீரில் முக்கி, துப்பாக்கியின் மேல் போர்த்தி அழுத்தி, எலும்புக் கரண்டியால் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தேய்த்து எடுக்க வேண்டும். காய்ந்ததும் தோல் அந்த வடிவத்தை மறக்காது. ஆனால் அசல் துப்பாக்கியை ஈரத் தோலுக்குள் வைக்கக் கூடாது. துருப்பிடிக்கும், தோலிலும் கறுப்புக் கறை இறங்கும். அதனால்தான் அதே அளவில், சுடாத, துருப்பிடிக்காத டம்மி ஒன்று வேண்டும் என்கிறார்கள். நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன.

மார்ச் மாதம் தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஐடெல்லா க்ரோவ் நின்றிருந்தார். உங்களுக்கு நினைவிருக்காது, அக்காவுக்கு இருக்கும். ஆரின் க்ரோவின் மனைவி. ஆரின் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த அம்மாள் தனியாகவே பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். திரும்பிப் பார்த்து, "வெர்லின், நீங்க தோல் வேலை பண்றீங்களாமே. என் இருபத்திரண்டுக்கு ஓர் உறை பண்ணித் தர முடியுமா? பழசை எலி கடிச்சிருச்சு. கன்னுக்குட்டிங்களுக்குச் சூடு போடற நாளுக்குள்ள வேணும். வேலி ஓரமெல்லாம் பாம்பு கிளம்பிரும்" என்றார்.

"பண்ணிரலாம்" என்றேன். அதற்கு முன் நான் செய்திருந்தது ஒரு சாவிக்கொத்துப் பட்டையும், நாய் இன்னும் அணிய மறுக்கிற ஒரு கழுத்துப்பட்டையும்.

இந்த இடத்தில் அக்காவுக்காக ஒரு பத்தி எழுத வேண்டும். மறுபடி யாரையாவது மனசில் வைத்திருக்கிறாயா என்று அவர் நான்கு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிற கேள்விக்கு இது பதில். ஆம், ஐடெல்லாதான். தபாலாபீஸிலேயே ஒரு முடிவு எடுத்தேன். உறை சரியாக வந்தால், சூடு போடும் நாளன்று சாயங்காலம் ஊர் மண்டபத்தில் நடக்கும் நடனத்துக்கு அவரை அழைப்பேன். வராவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன், இனி எப்போதும். ஒரு மனிதன் தன் வாழ்க்கையை எட்டு அவுன்ஸ் தோலின் மேல் ஏற்றி வைக்கலாமா என்று கேட்காதீர்கள். என்னிடம் வேறு எதுவும் கையில் இல்லை.

ஒரு பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது ஒரே கேள்வி. இருபத்திரண்டு என்றால் எந்த இருபத்திரண்டு? நம் ஊரில் குண்டுகளிலேயே மிக ஒல்லியானதுக்குப் பெயர் இருபத்திரண்டு. முயலுக்கும் பாம்புக்கும் போதும். ஆனால் போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்கவிடுகிற, செங்கல் மாதிரி சதுரமான ஒரு பெரிய துப்பாக்கியின் மாடல் எண்ணும் இருபத்திரண்டுதான். அதில் போகிற குண்டு வேறு, பெரியது. போன குளிர்காலத்தில் ஷெரீஃப் ஆபீஸில் புதுத் துப்பாக்கிகள் வந்து, பழைய மாடல் இருபத்திரண்டுகளை விற்றதால் பாதி ஊர் ஆளுக்கொன்று வாங்கி வைத்திருந்தது. பனிக்காலம் முழுக்கக் காபிக் கடையில் 'இருபத்திரண்டு' என்றால் அந்தச் செங்கல்தான். ஐடெல்லாவும் அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் வன்பொருள் கடைக்குப் போனேன். கடைக்காரன் டுவைன் ஃபைஃபரை உங்களுக்குத் தெரியும், போன தடவை வந்தபோது உங்களிடம் ஏணி விற்றானே, அவன்தான். அவனும் என்னைப் போல மனைவியை இழந்தவன், ஆனால் எட்டு வயது இளையவன், தலையில் முடி இருக்கிறது. பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற பொம்மைத் துப்பாக்கி ஒன்று மாடல் இருபத்திரண்டு அச்சில் அவனிடம் இருந்தது.

"யாருக்கு அண்ணே உறை?"

"ஐடெல்லாவுக்கு."

அவன் ரசீது எழுதுவதை நிறுத்தினான். பிறகு பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நைலான் உறையை எடுத்து மேசையில் போட்டான். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்."

"எல்லாருக்கும் பொருந்துற சட்டை போட்டிருக்கியா, டுவைன்?"

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க."

"பின்னாடி திறந்திருந்துச்சா?"

"திறந்துதான் இருந்துச்சு."

"அதான்."

பேச்சில் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து பொம்மையிடம் தோற்றேன். அத்தான், அந்த வகை பொம்மைகள் பார்க்க அசல் மாதிரி இருக்கும், உள்ளே கூடு. நனைத்த தோலைப் போர்த்தி, இரண்டு ரப்பர் தாள்களுக்கு நடுவே வைத்து, வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் பொறுத்துப் பொறுத்து இறுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். வைஸைத் திறந்தால் துப்பாக்கி தட்டையாகக் கிடந்தது. மஞ்சள் உருண்டைகள் சமையலறை முழுக்க ஓடின. நாய் கொஞ்சம் தின்றது, மறுநாள் திருப்பிக் கொடுத்தது. உடையாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. அசல் இல்லை என்று காட்டுவதற்காக அதன் நுனியில் ஓர் ஆரஞ்சு வளையம் உண்டு. குழலைவிட அது ஒரு சுற்றுப் பெரியது. உறையின் வாய் தவளை மாதிரி உப்பிவிட்டது.

அடுத்து அலுமினிய வார்ப்பு வாங்கினேன். கனமானது, நசுங்காது. வார்ப்பின் நடுவே ஓடுகிற தையல் கோட்டை அரம் போட்டு மழிக்காமல் பயன்படுத்தியதால் என் இரண்டாவது உறையின் நீளத்துக்கும் அறுவைத் தழும்பு மாதிரி ஒரு கோடு விழுந்தது. (உங்கள் முழங்காலைக் குறிப்பிடவில்லை.) மழிக்கலாம் என்று எடுத்தபோது அது என் கால் பெருவிரலில் விழுந்தது. அந்த நகம் இப்போது இல்லை.

மூன்றாவதாகத்தான் ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த நீல டம்மி வந்தது. போலீஸ் பயிற்சிக்குச் செய்வது. அதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கூடு கிடையாது, கெட்டி. விசையைச் சுற்றியுள்ள வளையத்தையும் அடைத்தே வார்த்திருப்பார்கள், அதனால் தோல் அந்த ஓட்டைக்குள் தொங்காது. ஒரே சிக்கல், குழல் நுனியில் குறி பார்க்கிற முள்ளை மழுங்கலாக வார்த்திருந்தார்கள். அப்படியே அழுத்தினால் அசல் துப்பாக்கியை உருவும்போது அந்த முள் தோலைச் சீவிக்கொண்டே வரும். எனவே மேல் விளிம்பு நெடுக ஒரு பென்சிலை ஒட்டி, முள் போகிற பாதைக்கு இடம் விட்டேன். அன்று வந்த வடிவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு விளிம்பும் பேசியது. காயவைக்க ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்துவிட்டு, உறையை உள்ளே வைத்தேன். அனுபவசாலிகள் டம்மியை வெளியே எடுத்துவிட்டுக் காயவைப்பார்கள். வடிவம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் எடுக்கவில்லை. சாயம் கலக்கப் பின்கட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

அது வெள்ளிக்கிழமை. ஐடெல்லா ஊருக்குள் வரும் நாள். வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர், வெறுங்கையோடு வரவில்லை. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் வேகவைக்கிற ஒரு ஹாட்டிஷ் கொண்டுவந்தார். இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை. உள்ளே வந்து, என்னைக் காணாமல், ஹாட்டிஷை வைப்பதற்கு முன் ஓவன் சூடாகட்டும் என்று கதவை முழங்காலால் தள்ளி மூடி, முந்நூற்றைம்பது டிகிரிக்குத் திருப்பிவிட்டு, மேசையில் உட்கார்ந்து பழைய பத்திரிகை ஒன்றைப் படித்திருக்கிறார்.

கொட்டகைக்கு நாற்றம் வந்ததும் ஓடினேன்.

"வெர்லின், உங்க ஓவன்ல ஏற்கெனவே ஏதோ வெந்துக்கிட்டிருக்கு" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"அது உங்க உறை."

இருவரும் சேர்ந்து இழுத்தோம். தோல் கருவாடாகியிருந்தது. டம்மியின் மூக்கு ஓவன் தட்டின் கம்பிகளுக்கு நடுவே வழிந்து தொங்கியது. ஐடெல்லா அதை இடுக்கியால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"உங்க இருபத்திரண்டு."

"இது என்னோடது இல்ல."

"வெந்துபோனதால அப்படித் தெரியுது."

"வேகறதுக்கு முன்னாடியும் இது என்னோடதா இருந்திருக்காது, வெர்லின். என்னோடதுக்குக் கழுத்து உண்டு."

போய் டிரக்கிலிருந்து தன் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குண்டுக் கூட்டைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்கும் காட்டிவிட்டு மேசையில் வைத்தார். அவருடைய அம்மா குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்குக் கொண்டுபோன பழைய துப்பாக்கி. கேரட் மாதிரி நீண்டு ஒல்லியான குழல், சாய்ந்த கைப்பிடி. ஒல்லிக் குண்டு இருபத்திரண்டு. செய்த கம்பெனி நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மூடிப்போயிற்று. நான் ஏழு வாரமாகச் செங்கலுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐடெல்லா சிரித்த சிரிப்பில் நாய் வெளியே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூடு போடும் நாளுக்கு நான்கு வெள்ளிக்கிழமைதான் இருந்தது.

டம்மி வார்க்கிறவர்கள் இருவரிடம் தொலைபேசியில் பேசினேன். அந்தத் துப்பாக்கியின் பெயரைச் சொன்னதும் ஒருவர் சிரித்தார். மற்றவர் அசலை விற்பார்களா என்று கேட்டார். டம்மி கிடைக்காது. அப்படியானால் மரத்தில் செதுக்க வேண்டும். செதுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் அசல் இருக்க வேண்டும். ஐடெல்லா அதை விட்டுவிட்டுப் போக மாட்டார், கன்று ஈனும் காலம், சிறு ஓநாய் மாதிரியான கொயோட் ஊளையிட்டுக்கொண்டு வேலியோரம் சுற்றுகிறது. "துப்பாக்கி இருக்கற இடத்துல நான் இருப்பேன்" என்றார். ஆக, வெள்ளிக்கிழமைகளில் மேசையில் துப்பாக்கி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காபியோடு அவர்.

"மூக்கு இன்னும் தடி" என்பார். நான் சீவுவேன்.

"இப்போ சீவினது நல்ல பக்கம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சீவினதுக்கப்புறந்தானே எது நல்ல பக்கம்னு தெரிஞ்சுது."

முதலில் பைன் மரத்தில் செதுக்கினேன். அது மென்மரம், எலும்புக் கரண்டி பட்ட இடமெல்லாம் பள்ளம். பிறகு மேப்பிளில் செதுக்கினேன். அச்சு அசலாக வந்தது. அவசரத்தில் வார்னிஷ் அடிக்காமல் ஈரத் தோலுக்குள் செருகிவிட்டேன். அத்தான், மரம் தண்ணீர் குடிக்கும் என்பது உங்களுக்கும் எனக்கும் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். டம்மி உள்ளேயே ஊதி உட்கார்ந்துகொண்டது. நான் உறையைப் பிடித்துக்கொள்ள, ஐடெல்லா மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, மேசைக் காலில் ஆளுக்கொரு பாதத்தை முட்டுக்கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

"விட்ராதீங்க."

"நான் விடல. நீங்கதான் வழுக்குறீங்க."

"மெதுவா. மெதுவா."

அப்போதுதான் டுவைன் உள்ளே வந்தான். கையில் அந்த நைலான் உறை, ஒரு நாடாவும் கட்டியிருந்தான். எங்கள் இருவரையும், மேசைக்காலையும், வியர்வையையும் பார்த்தான்.

"நான் அப்புறம் வரேன்" என்றான்.

"நில்லு" என்றார் ஐடெல்லா. "அதைக் குடு." வாங்கித் தன் துப்பாக்கியை அதற்குள் விட்டு, இடுப்பில் மாட்டி, ஒரு தடவை குதித்துக் காட்டினார். துப்பாக்கி பைக்குள் போட்ட கரண்டி மாதிரி உள்ளே ஆடி, தரையில் விழுந்தது. காலி என்று எனக்குத் தெரியும். டுவைனுக்குத் தெரியாது. அவன் ஏற்கெனவே வாசலில் இருந்தான். நைலான் உறை நல்லெண்ணத்தில் வந்தது என்பதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவன் அன்று மாலையே காபிக் கடையில் என்ன சொன்னான் என்பதைப் பதிவு செய்யப் போவதில்லை. போதகர் ஞாயிற்றுக்கிழமை என் கையை வழக்கத்தைவிட அதிக நேரம் குலுக்கினார்.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு முன் இன்னொரு மேப்பிள் டம்மி செதுக்கி, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, உலரவிட்டு, அழுத்தினேன். வெளியே எடுத்தபோது வெண்ணெயில் இருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது. ஐடெல்லா அசலை உள்ளே விட்டார். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், வந்தது. அவர் உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். துப்பாக்கி விழவில்லை. இன்னொரு தடவை உலுக்கினார்.

சூடு போடும் நாளன்று விடியலிலிருந்து மத்தியானம் வரை குதிரை மேல் இருந்தார், இடுப்பில் என் உறை. பாம்பு எதுவும் வரவில்லை. நிருபன் என்ற முறையில் இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

சாயங்காலம் மண்டபத்தில் பிடில் தொடங்கியது. குளித்து, சட்டை மாற்றி, அவர் பக்கத்தில் போய் நின்றேன். மந்திரிகளிடம் கேள்வி கேட்டிருக்கிறேன், கொலைகாரன் ஒருவனிடம் சிறைக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"உறை நல்லா இருக்கு, வெர்லின்" என்றார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"இடுப்புப் பட்டை போற துளை கொஞ்சம் இறுக்கமோ?" என்றேன்.

"இல்ல."

"தையல் எங்கயாவது உறுத்துதா?"

"இல்ல."

அந்த நேரம் பார்த்து டுவைன் தலை வாரிக்கொண்டு வந்து, "ஐடெல்லா, ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்றான். எந்தச் சிரமமும் இல்லாமல், ஆணி விலை கேட்பதுபோல.

"இவர் முதல்ல கேட்டுட்டாரே" என்றார் ஐடெல்லா.

டுவைன் என்னைப் பார்த்தான். நான் ஐடெல்லாவைப் பார்த்தேன். "எப்போ கேட்டேன்?"

"இப்போ கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்க. ரொம்ப நேரமா."

ஆடினோம். பெருவிரலில் நகம் இல்லாததால் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் நொண்டினேன். அவர் அதை ஓர் அடவு என்று நினைத்துக்கொண்டு தானும் நொண்டினார். மூன்றாவது பாட்டில் பாதி மண்டபம் அப்படி ஆடியது.

எனவே, அத்தான், உங்கள் கேள்விக்குப் பதில்: உருண்டை சுடும் பொம்மை வேண்டாம். அலுமினியம் என்றால் அரம் வாங்குங்கள், செருப்புப் போடுங்கள். நீல ரெசின் நல்லது, ஓவனுக்கு ஒரு காவலாள் போட முடிந்தால். எல்லாவற்றிலும் சிறந்தது மேப்பிள், மூன்று பூச்சு வார்னிஷ், பொறுமை. எதைச் செய்வதற்கும் முன்னால் துப்பாக்கியைக் கண்ணால் பாருங்கள். அசலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஈரத் தோலுக்குள் வைக்காதீர்கள்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கவும், மடங்கியது திரும்ப நிமிரவும், உங்கள் இருவருக்கும் பசியும் தூக்கமும் குறையாமல் இருக்கவும் வேண்டுகிறேன். அக்காவின் கைகளுக்கு என் முத்தம்.

என்றும் உங்கள் அன்புள்ள மைத்துனன்,
வெர்லின் டோஸ்ட்ருட்

பின்குறிப்பு: வெளிவராத செய்தியை அதில் சம்பந்தப்பட்டவரிடம் காட்டக் கூடாது என்பது தொழில் விதி. இன்று வெள்ளிக்கிழமை, ஐடெல்லா வந்திருக்கிறார், நான் கடித உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்துவிட்டார். முந்நூற்றைம்பது இல்லை, முந்நூற்று எழுபத்தைந்து டிகிரி என்று திருத்தச் சொல்கிறார். உங்கள் கேள்விக்கான பதில் பத்தியைத் திரும்பப் படித்துவிட்டுக் கேட்டார்: "அசலை வைக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? ஆரின் ஒரு தடவைகூட டம்மி வாங்கினதில்ல. அசல் மேல பாலிதீன் தாளை ரெண்டு சுத்து சுத்தி, அப்படியே தோலுக்குள்ள வச்சு அமுக்குவாரு. காபி ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். துருவும் கிடையாது, கறையும் கிடையாது."

"இது உங்களுக்கு மார்ச் மாசமே தெரியுமா?"

"இருபது வருஷமாத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரே வெள்ளிக்கிழமையில முடிஞ்சிருக்கும்" என்றார், காபியை ஊற்றிக்கொண்டே.

ஆகவே, அத்தான், எந்த டம்மியும் வாங்க வேண்டாம், பாலிதீன் தாள் போதும். மேலே எழுதியது எதையும் பின்பற்ற வேண்டாம். அக்காவை மட்டும் அக்டோபர் முதல் சனிக்கிழமைக்கு, தேவாலயத்தில் மாப்பிள்ளை பக்கத்து முன்வரிசைக்கு ஏற்ற நல்ல உடுப்பு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தச் செய்தியை இரு தரப்பிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.